வியாழக்கிழமை கிணற்றை மூட வேண்டாம்

கண்ணு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டில் தண்ணீரும் உன் கைக்கு வந்திருக்கும். அதை மூடி திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லி, "செரிம்மா, பொறவு பேசறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தின் குறுக்கே பேச முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஞாபகத்தில் கோணல் இல்லை என்பது உனக்குத் தெரியும். முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேரன் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதற்கு முன்னால், வருகிற வியாழக்கிழமை ஜேசிபி கொண்டுவந்து தோட்டத்துக் கிணற்றை மூடிவிடப் போவதாகச் சொன்னாயே, அதை மூட வேண்டாம். அந்தத் தண்ணீரில் கலந்திருந்த களைக்கொல்லியைப் பிரித்து எடுத்தாகிவிட்டது. எடுத்தது நான். நான் மட்டும் இல்லை. அந்த இன்னொரு ஆளின் பேரை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் சித்தி ருக்குமணி. எழுதிவிட்டேன், பார்.

போன ஐப்பசியில் நீ வந்திருந்தபோது வாசல் பந்தலில் அவரைக்கொடி கருகிக் கிடந்ததைப் பார்த்தாய். மூன்று வருஷமாக அப்படித்தான். முளைக்கும்போது தளதளவென்று வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் இலையின் ஓரம் மஞ்சளாகும். பிறகு பீடி நெருப்பு வைத்தது மாதிரி சுற்றிலும் தீய்ந்துபோகும். அதே கிணற்றுத் தண்ணீர் பாய்கிற மக்காச்சோளம் மட்டும் ஆள் உயரத்துக்கு நிற்கும். நான் கண்ணேறு என்று நினைத்துப் பூசணிக்காய் கட்டினேன். நீதான், "சோளத்துக்கு ஒண்ணும் ஆகலை, அவரை மட்டும் கருகுதுன்னா, இது சோளக்காட்டுக்கு அடிக்கற களை மருந்தா இருக்குமுங்கம்மா" என்று சொல்லி, தண்ணீர் பிடித்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனாய். அந்தப் புத்தியை இன்றைக்கும் மெச்சுகிறேன். சோதித்த காகிதம் வந்ததும் வாசலில் நின்றபடியே படித்தாய். குடிதண்ணீரில் இருக்கலாம் என்கிற அளவையும் தாண்டிக் களைக்கொல்லி இருக்கிறது என்றாய். அன்றிலிருந்து நமக்குக் கேன் தண்ணீர். நான் கேட்காமல் அண்டாவில் ஊற்றிக் கொதிக்கவைத்தேன். என் மருமகள் போனில் சொன்னாள், "அத்தை, கொதிச்சாக் கிருமிதானுங்க சாகும், மருந்து சாகாதுங்க. தண்ணி சுண்டச் சுண்ட மருந்து கெட்டியாத்தான் ஆகும்." அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி. அவளிடம் சொல்லிவிடு.

மருந்து கிணற்றுக்குள் எப்படி வந்தது என்று நீ கேட்டாய். மேட்டுக் காட்டுக்காரன் அடித்தது மழையில் இறங்கியிருக்கும் என்றேன். பிறகு ஊரில் வேறு மாதிரியும் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன். உண்மை இதுதான், சாமி. களை எடுக்க ஆள் கிடைக்காமல் போனபோது, மருந்து அடித்துவிடலாம் என்று சொன்னது நான். உங்கய்யன் இருந்திருந்தால் யோசித்திருப்பார். மருந்து அடிக்கிற ஆள் முதல் தடவை வந்தபோது, டேங்க்கைக் கழுவ வாய்க்கால் பக்கம் போகிறேன் என்றான். "அத்தனை தூரம் எதுக்குப் போறே? கிணத்தடியிலயே கழுவு. தண்ணி இங்கதான இருக்குது" என்று கூப்பிட்டது நான்தான். கிணற்று மேடை உள்ளே சரிந்து கிடப்பது எனக்குத் தெரியாதா? கழுவிய தண்ணீர் கல் இடுக்கு வழியாக உள்ளே ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் மண்ணில் சிந்தினால் மனசு கேட்காத ஊர் இது. கிணற்றுத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது, வீணாகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு சோளப் பட்டத்துக்கும் அதே இடத்தில் கழுவ வைத்தேன். ஊரெல்லாம் குற்றவாளி தேடியவள், என் கிணற்றுமேட்டை மட்டும் பார்க்கவில்லை.

அதனால்தான் நீ மூடிவிடலாம் என்றபோது எனக்கு அப்படிக் கோபம் வந்தது. "கல்யாணத்துக்கு வர்ற சனம் தெரியாம மொண்டு குடிச்சுப்போட்டா என்னம்மா பண்றது?" என்று நீ கேட்டதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் மண்ணைக் கொட்டி மூடினால் மருந்து எங்கே போகும்? அடியில் ஊற்று அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது. நான் செய்ததை நான் எடுக்காமல், மேலே மண்ணைப் போட்டுச் சமமாக்கி, அதன்மேல் பந்தக்கால் நடச் சொல்கிறாயா? இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கிணறு பாதிதான் நம்முடையது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் காடு பிரித்தபோது கிணற்றைப் பிரிக்கவில்லை. மறு பாதி உன் சித்தியுடையது. அவள் இருபத்தாறு வருஷமாக ஒரு குடம் எடுக்கவில்லை என்பதற்காக அவள் பங்கு இல்லாமல் போய்விடுமா? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நீ கேட்கவில்லை. கேட்கக்கூடாத மாதிரி உன்னை வளர்த்தது நான்.

தை முடிந்ததும் நானாக ஒரு வேலை ஆரம்பித்தேன். தண்ணீரில் உள்ள மருந்தைக் கரி இழுக்கும் என்று எங்கேயோ காதில் விழுந்திருந்தது. வெள்ளகோவில் பக்கம் கொட்டாங்குச்சிக் கரிக்கா பஞ்சம்? தொட்டியில் சுட்ட கரி நாலு சாக்கு இறக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கீழே குழாய் வைத்துப் பிடித்தேன். மை மாதிரி வந்தது. துணியில் வடித்தேன். சோதித்துப் பார்க்க என்னிடம் இருந்த மிஷின் தட்டைப்பயறுதான். கொட்டாங்குச்சிகளில் மண் போட்டுப் பயறு ஊன்றி, ஒரு வரிசைக்குக் கிணற்றுத் தண்ணீர், ஒரு வரிசைக்கு என் கரித் தண்ணீர், ஒரு வரிசைக்கு டாங்கியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீர் என்று ஊற்றினேன். மழைத் தண்ணீர் குடித்த செடி கிளி மாதிரி நின்றது. மற்ற இரண்டு வரிசையும் பன்னிரண்டாம் நாள் தீய்ந்தது. என்னால் முடிந்தது அவ்வளவுதான். இந்த ஊரில் கரியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவள் யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். வெள்ளகோவில் ரோட்டுக் கார்பன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் கரி சலித்தவள் அவள். அவளிடம் போகாமல் இருப்பதற்காகத்தான் அந்த நாலு சாக்குக் கரியைப் பாழாக்கினேன்.

அவள் வீடு வரப்புக்கு அந்தப் பக்கம். நான் போனபோது வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, துலக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன்."

"டிரம்முல கரி கொட்டுன சேதி ஊருக்கே தெரியுமுங்க. எனக்காக வந்தீங்களா, தண்ணிக்காக வந்தீங்களா?"

"தண்ணிக்காகத்தான்."

கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "நல்லவேளை. எனக்காகன்னு பொய் சொல்லியிருந்தீங்கன்னா அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். உக்காருங்க."

நான் மடியில் கொண்டுபோயிருந்த கரித் துண்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "இது பல்லு வெளக்கற கரிங்கக்கா." உள்ளே போய் ஒரு டப்பாவும் இரண்டு கண்ணாடிப் பாட்டிலும் எடுத்து வந்தாள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, ஒரே அளவு நீலச் சாயம் கரைத்தாள். கம்பெனியில் அப்படித்தான் கரியின் குணம் பார்ப்பார்களாம். ஒன்றில் என் கரியைத் தூளாக்கிப் போட்டாள். இன்னொன்றில் டப்பாவிலிருந்த கம்பெனிக் கரியைப் போட்டாள். அது தண்ணீரைத் தொட்டதும் சொய் என்று சத்தம் வந்தது. இரண்டையும் குலுக்கி வைத்தாள். கரி அடியில் இறங்கியதும் பார்த்தால், என் பாட்டில் நீலமாகவே இருந்தது. அவள் பாட்டிலில் அந்தப் பக்கம் இருந்த வேப்பமரம் தெரிந்தது.

"அப்ப உங்க கரிய மட்டும் எந்தச் சாமி குடுத்துது?" என்று கேட்டேன். தோற்றாலும் என் வாய் சும்மா இருக்காது.

"சாமி இல்லைங்க, ஆவி. சுட்ட கரியவே மறுக்காச் செவக்கச் செவக்கக் காச்சி, ஆவியப் பாச்சுவாங்க. கண்ணுக்குத் தெரியாத பொந்து பொந்தா உழுந்துரும். மருந்து போயி அந்தப் பொந்துக்குள்ளார ஒட்டிக்கும். உங்க கரியில பொந்து பத்தாது." பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "கரி நான் கொண்டாறேன். ஆனா ஒண்ணு. கிணத்துல மருந்து ஊத்துனது நானுன்னு சொன்னீங்களாமா. யாருகிட்டச் சொன்னீங்களோ, அவிககிட்டயே மாத்திச் சொல்லோணும்."

ஆமாம், கண்ணு. ஊரில் வேறு மாதிரி சொன்னேன் என்றேனே, அது இதுதான். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, பொறாமையில் ருக்குமணிதான் எதையோ கொட்டிவிட்டாள் என்று சொன்னேன். அடுத்த முறை சர்க்கரை போட்ட அன்றைக்கு, அதே வரிசையில், அதே பெண்கள் இருக்கும்போது, "நான் சொன்னது பொய். டேங்க் கழுவுன தண்ணியக் கிணத்துக்குள்ள உட்டது நாந்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். ஒருத்தி, "ஏனுங்காத்தா, ஒடம்புக்கு எதும் முடியலீங்களா?" என்று கேட்டாள். நான் தப்பை ஒத்துக்கொண்டால் எனக்குக் காய்ச்சல் என்று ஊர் நினைக்கிறது. அந்தப் பேரை எடுக்க நான் எவ்வளவு பாடுபட்டிருப்பேன், யோசித்துப் பார்.

அதோடு நின்றதா? உன்னிடம் சொன்ன பொய்யும் ஒன்று பாக்கி இருக்கிறது. உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு, கூடப்பிறந்தவள் இல்லாததால், சித்தப்பா மகள் கோகிலாதான் தங்கச்சியாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "சித்தி அனுப்ப மாட்டேங்கறா" என்று உன்னிடம் சொன்னேன். நான் கேட்கவே இல்லை. மூலனூர்ப் பங்காளி வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். கோகிலா புதுப்பாவாடை தைத்துக் காத்திருந்தாளாம். எதற்காக அப்படிச் செய்தேன் தெரியுமா? உன் நிச்சயத்தன்று, மாம்பழக் கலர்ச் சேலை கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்த ருக்குமணி, "அக்கா ரசத்துல கிணத்துத் தண்ணி மேல மெதக்குதுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கய்யனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இருபத்தாறு வருஷம் வைத்திருந்தேன். நீ உன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: கோபம் வந்தால் அன்றைக்கே, அந்த ஆளிடமே, சண்டை போடச் சொல். சோற்றுத் தட்டைக்கூட வீசட்டும். உள்ளே வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணின் இடத்தைப் பிடுங்க வேண்டாம்.

மறுவாரம் ருக்குமணி கம்பெனியில் கேட்டு இரண்டு மூட்டைக் கரி வாங்கி வந்தாள். முதலில் கிணற்று மேடையைச் சுற்றிலும் உயர்த்தி, சரிவு வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி பூசவைத்தோம். அது ஆகாமல் வடிகட்டி ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு மூன்று டிரம். முதல் டிரம்மில் ஜல்லியும் மணலும். சேறும் தூசியும் அங்கேயே நின்றுவிடும். அடுத்த இரண்டிலும் கரி. கரித்தூள் போகும்வரை அலசி அலசி என் கை இரண்டும் கன்னங்கரேல் என்று ஆனது. "கல்யாணத்துக்கு மருதாணி வெச்சுட்டீங்களாட்டருக்குதுங்க" என்று கேலி செய்தாள். நான் அவசரக்காரி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். ஓடிவந்து திருகி அடைத்தாள்.

"நூலாட்ட உழுகோணுங்கக்கா. தண்ணி கரிகூடச் சித்தெ நேரம் நின்னு பேசோணும். ஓடற தண்ணிகிட்டக் கரி எதப் புடுங்கும்?"

"ரெண்டு பேரும் நின்னு பேசறதுக்கு இருபத்தாறு வருசம் ஆச்சு. அதுகளுக்கும் நேரமாகுமாக்கும்" என்றேன். அவள் குழாயை எந்த அளவுக்குத் திறக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினாள்.

மறுபடி தட்டைப்பயறு. இந்தத் தடவை கிணற்றுத் தண்ணீர், ருக்குமணியின் கரித் தண்ணீர், மழைத் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் கிணற்று வரிசை ஓரம் மஞ்சளானது. அவள் வரிசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், பச்சை. பதினைந்தாம் நாளும் பச்சை. இருபதாம் நாள் மழைத் தண்ணீர் வரிசையையும் அதையும் இடம் மாற்றி வைத்துவிட்டு எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள், எனக்குத் தெரியவில்லை. நான் அப்போதே உனக்குப் போன் போடப் போனேன். அவள்தான் தடுத்தாள். "பயிர் தாங்குனாப் பத்தாதுங்கக்கா. மனுசன் குடிக்கற அளவு வேற. அதை லேப்தான் சொல்லோணும்." கோகிலா கோயமுத்தூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள் அல்லவா? லேப்காரர்கள் கொடுத்த பாட்டிலையே கொண்டுவந்து, கிணற்றுத் தண்ணீர் ஒன்றும் வடித்த தண்ணீர் ஒன்றும் பிடித்து, மூடி முத்திரை வைத்து எடுத்துப் போனாள். கிளம்பும்போது "வாரனுங்க பெரீம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு நான் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று போன் வந்தது. ருக்குமணியும் பக்கத்தில் இருந்தாள்.

"பெரீம்மா, ரெண்டுக்கும் ரிசல்ட் வந்துருச்சுங்க. கிணத்துத் தண்ணில இன்னும் இருக்குது, ஆனாப் போன வருசத்துக்கு இப்பக் கொறஞ்சிருக்குதுங்க. வடிச்ச தண்ணில மிஷினுக்கு ஒண்ணும் தட்டுப்படலீங்க."

"தட்டுப்படலைன்னா என்ன அம்மணி? இல்லைன்னு சொல்லு."

"மிஷின் கண்டுபுடிக்கற அளவுக்கு இல்லீங்க பெரீம்மா."

"அதத்தான் நான் இல்லைங்கறேன்!"

நான் போட்ட சத்தத்தில் மேட்டுக் காட்டுக்காரன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தான். அவனிடமும் ஒரு மன்னிப்புப் பாக்கி இருந்தது; வந்த கையோடு அதையும் கேட்டுவிட்டேன். திருதிருவென்று முழித்தான். மத்தியானம் வடித்த தண்ணீரில் ரசம் வைத்தேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டில் உட்கார்ந்து ருக்குமணி சாப்பிட்டாள். ரசத்தை டம்ளரில் வாங்கி ஒரு மிடறு குடித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்பவும் தண்ணி மேலதானுங்கக்கா மெதக்குது" என்றாள்.

சிரித்தேன், சாமி. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உங்கய்யன் அன்றைக்கு ஏன் சிரித்தார் என்று நேற்றுத்தான் புரிந்தது. என் ரசம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

ஜெயித்துவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கரியின் பொந்துகள் நிறைந்துவிட்டால் அது மருந்தைப் பிடிக்காமல் விட்டுவிடுமாம். அதனால் பட்டத்துக்கு ஒரு தடவை லேப்புக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும்; கரியை மாற்ற வேண்டும். மாற்றிய கரியைக் குப்பைமேட்டில் கொட்டினால் எடுத்த மருந்தைத் திரும்ப மண்ணுக்கே கொடுத்த மாதிரி ஆகும். கம்பெனிச் சூளைக்கே திருப்பி அனுப்ப ருக்குமணி பேசி வைத்திருக்கிறாள். மருந்து அடிப்பதை நிறுத்தி இரண்டு பட்டம் ஆகிவிட்டது. களைக்கொத்து எடுத்துத்தான் களை வெட்டுகிறோம். முதுகு வலிக்கிறது, வலிக்கட்டும். கிணற்றிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று காகிதமே சொல்கிறதே. ஒரு நாள் டிரம்மே வேண்டாம் என்றாகும். அதை நான் பார்க்காவிட்டால் நீ பார்.

ஜேசிபிக்காரனிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே. வியாழக்கிழமை வரட்டும். மேட்டுப் பக்கத்திலிருந்து மழைத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் இறங்காமல் சுற்றிப் போக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்று நானும் ருக்குமணியும் சாம்பலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்குக் கேன் தண்ணீர் சொல்லியிருந்தால் அதையும் நிறுத்து. பந்திக்குத் தேவையானதை இரண்டு நாள் முன்பிருந்தே டிரம்மில் வடித்துவைத்துக்கொள்ளலாம், நூல் மாதிரி.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தையும் பாட்டிலையும் உன்னிடம் கொடுத்தது யார் என்று சரியாகப் பார்த்தாயா? யாரோ தபால் கொடுத்துவிட்டுப் போவதாக நினைத்து, வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு நீ இதைப் படிக்க ஆரம்பித்திருப்பாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? உன் மகன் கல்யாணத்தில் அத்தை முறைக்கு நிற்க வேண்டியவள் அவள். நான் ஒரு தடவை பிடுங்கிய இடத்தை நீதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அழைக்க வேண்டியது நீ, நான் இல்லை. எழுந்து போ. கோகிலாவை உள்ளே கூப்பிடு. தங்கச்சி என்று கூப்பிடு. இரண்டு டம்ளர் எடுத்து, பாட்டிலைத் திறந்து ஊற்று. கிணற்றில் பாதி அவர்களுடையது.

தோட்டத்து வாசலிலிருந்து,
உன்னைப் பெற்றவள்